இரண்டு வேலைக்கு ஒரு பெட்டி



தை பிறந்துவிட்டால் எங்கள் பாலசமுத்திரத்திலும் பழனியிலும் முகூர்த்த நாளில் மண்டபம் கிடைப்பது அரிது. மண்டபம் கிடைத்தாலும் கேமராக்காரர் கிடைப்பது அதைவிட அரிது. முப்பது வருடங்களுக்கு முன்பு ஒரு கல்யாணத்துக்கு இரண்டு கோஷ்டி வரும். போட்டோக்காரர் ஒருவர், வீடியோக்காரர் ஒருவர். வீடியோக்காரருக்குப் பின்னால் ஹாலஜன் விளக்கைத் தூக்கிப் பிடித்தபடி ஒரு பையன். அந்த விளக்கின் சூட்டில் ஹோமத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஐயருக்கு இரண்டு பக்கமும் நெருப்பு. தாலி கட்டும் நேரத்தில் மணவறைக்கு முன்னால் யார் நிற்பது என்று இரண்டு கோஷ்டிக்கும் முழங்கைச் சண்டை நடக்கும்.

இப்போது பல கல்யாணங்களில் ஒரே ஆள், ஒரே பெட்டி. பொத்தானை அழுத்தினால் போட்டோ, பக்கத்துச் சக்கரத்தைத் திருப்பினால் வீடியோ. தொழிலில் இதற்கு 'ஹைப்ரிட்' என்று பெயர். எங்கள் பக்கம் ஹைப்ரிட் என்றால் மக்காச்சோள விதைதான் ஞாபகம் வரும். அதுவும் பொருத்தமாகத்தான் இருக்கிறது. நல்ல விளைச்சல் தரும், ஆனால் அதற்கென்று சில கண்டிப்புகளும் உண்டு.

எங்கள் தெருவில் ஒரு தம்பி இந்தத் தொழிலில் இறங்க நினைக்கிறான். "ஏனுங்க தாத்தா, போட்டோவும் எடுக்கோணும், வீடியோவும் எடுக்கோணும். நகையை வெச்சுத்தான் வாங்கோணும். எந்த பாடி, எந்த ஜூம் வாங்கறதுங்க?" என்று கேட்டான். நான் கேமராக்காரன் இல்லை. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்து, அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆனால் கொள்முதல் கோப்புகளை வருடக்கணக்கில் பார்த்த பழக்கம் இருக்கிறது. ஒரு பொருளை வாங்குமுன் அதன் முன்கதையைப் படி என்பது அந்தப் பழக்கம் கற்றுத் தந்த பாடம். இந்த ஒரு பெட்டிக்கு நூற்று முப்பது வருட முன்கதை இருக்கிறது. அம்மாவின் நகை அடகுக் கடையில் இருக்கப்போகிறது என்றால் அந்த முன்கதையைப் பார்ப்பது வீண்வேலை ஆகாது.

முதலில் ஒரு வியப்பான செய்தி. சினிமா பிறந்தபோதே ஹைப்ரிட்டாகத்தான் பிறந்தது. 1895 டிசம்பர் 28ஆம் தேதி பாரிஸ் கிராண்ட் கஃபேயில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் வாங்கிப் படம் காட்டினார்கள் என்பது எல்லோரும் அறிந்தது. அவர்கள் லியோன் நகரில் புகைப்படத் தகடு செய்யும் தொழிற்சாலைக்காரர்கள். அப்பா அந்த்துவான் லூமியேர் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவர். அவர்கள் செய்த 'சினிமாத்தோகிராஃப்' என்ற மரப்பெட்டி மூன்று வேலை செய்தது. கைப்பிடியைச் சுற்றினால் படம் எடுக்கும். அதே பெட்டியில் பிரதி போடலாம். பின்னால் ஒரு விளக்கை வைத்தால் அதுவே படம் காட்டும். ஒரு சுருளில் ஏறக்குறைய 50 விநாடிதான் ஓடும். எடிசனின் கருவி மின்சாரம் கேட்கும் கனத்த சாமான். இதுவோ ஒரு ஆள் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகக்கூடியது. அதனால்தான் 1896 ஜூலை 7ஆம் தேதியே பம்பாய் வாட்சன் ஹோட்டலில் அது படம் காட்டிவிட்டது. இரண்டு மூன்று வேலையை ஒரே பெட்டியில் அடக்குவதன் பலன் சுலபமாகத் தூக்கிச் செல்வது. அதன் விலை, ஓடும் நேரம் குறைவு. இந்தக் கணக்கு இன்றுவரை மாறவில்லை, பின்னால் பார்ப்போம்.

கருவி வாங்கப் பணம் போட்டவர்களில் நம் பக்கத்து முன்னோடி சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சியில் ரயில்வேயில் வரைபடப் பிரிவு ஊழியர். மாதம் 25 ரூபாய் சம்பளம். 1905இல் ஊர் ஊராகப் படம் காட்டி வந்த துய்ப்போன் என்ற பிரெஞ்சுக்காரர் திருச்சிக்கு வந்தபோது உடல்நலம் கெட்டு ஊர் திரும்ப நினைத்தார். வின்சென்ட் அவருடைய படம் காட்டும் கருவியையும் படச்சுருள்களையும் இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு வாங்கினார். ஏறக்குறைய ஏழு வருடச் சம்பளம்! என்னைப் போன்ற ஓர் எழுத்தர் செய்யத் துணியாத காரியம். ஆனால் அவர் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. கருவி ஓடுவதையும் அதைப் பார்க்கக் கூட்டம் வருவதையும் நேரில் பார்த்த பிறகே வாங்கினார். கூடாரத்தோடு ஊர் ஊராகப் போனார். பிற்பாடு கோயமுத்தூரில் வெரைட்டி ஹால் கட்டினார். கருவிக்கு முன்பே வேலை இருந்தது; வேலைக்காகக் கருவி வந்தது.

சரி, போட்டோவும் சினிமாவும் எப்போது பிரிந்தன? பிரிந்தன என்பதைவிட, ஒன்றின் துணியில் மற்றது சட்டை தைத்துக்கொண்டது என்று சொல்லலாம். ஜெர்மனியில் லைட்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஆஸ்கர் பார்னாக், கனமான தகட்டுக் கேமராவைத் தூக்க உடம்பு இடம் கொடுக்காதவர். சினிமாவுக்கு வந்த 35 மில்லிமீட்டர் படச்சுருளை எடுத்து, ஒரு சின்னப் பெட்டியில் வைத்து, 1913-14 வாக்கில் ஒரு புகைப்படக் கேமரா செய்தார். சினிமாவின் ஒரு சட்டம் 18க்கு 24 மில்லிமீட்டர். அதை இரட்டிப்பாக்கி 24க்கு 36 ஆக்கினார். 1925இல் லைக்கா என்ற பெயரில் அது கடைக்கு வந்தது. இன்றைக்குத் தம்பிகள் 'ஃபுல் ஃபிரேம்' என்று மரியாதையோடு சொல்கிறார்களே, அது பார்னாக்கின் இந்த 24க்கு 36தான். சினிமாச் சுருளின் இரண்டு சட்டம் சேர்ந்தது ஒரு புகைப்படம். இந்த அளவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்; 2012இல் ஒரு தமிழ்ப் படத்தைப் பற்றிச் சொல்லும்போது தேவைப்படும்.

கருவி இரண்டாக இருந்த காலத்திலும் ஆள் ஒருவராக இருந்திருக்கிறார். கோட்டையூர் ஏ. கே. செட்டியார் அப்படிப்பட்டவர். டோக்கியோவிலும் பிறகு நியூயார்க்கிலும் புகைப்படக் கலை படித்தார். 1937 அக்டோபர் 2ஆம் தேதி, காந்தி ஜயந்தி அன்று, அட்லாண்டிக் கடலில் கப்பலில் போய்க்கொண்டிருக்கும்போது காந்தியைப் பற்றி ஒரு முழு ஆவணப்படம் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு வந்தது. உலகம் சுற்றி, பல நாட்டு ஒளிப்பதிவாளர்கள் முப்பது வருடங்களில் எடுத்திருந்த துண்டுகளைத் தேடிச் சேர்த்தார். சேர்ந்த படச்சுருள் 50,000 அடி. பாரிசில் பயின்ற டாக்டர் பி. வி. பதி ஒளிப்பதிவில் துணைநின்றார். 1940 ஆகஸ்டில் சென்னையில் படம் வெளியானது. நூறு பேர் நூறு கேமராவில் எடுத்த துண்டுகள் அவை. எந்தத் துண்டு எந்தக் கேமராவில் எடுத்தது என்று இன்றைக்கு யாரும் கேட்பதில்லை. அந்த நேரத்தில் காந்திக்கு எதிரே ஒரு கேமரா இருந்ததா, சுருள் பத்திரமாக இருந்ததா என்ற இரண்டு கேள்விதான் மிஞ்சுகிறது. கல்யாண வீட்டிலும் கடைசியில் மிஞ்சுவது அந்த இரண்டு கேள்விதான்.

இனி ஜூம் லென்சின் கதை. பிரெஞ்சில் லென்சுக்கு 'ஒப்ஜெக்திஃப்' என்று பெயர். குறிக்கோள் என்பதற்கும் அதே சொல்தான். பள்ளியில் பௌதிக வகுப்பில் இந்தச் சொல்லைக் கேட்டபோது வேடிக்கையாக இருந்தது. இப்போது யோசித்தால், கேமரா வாங்கும் ஒருவன் முதலில் ஒப்ஜெக்திஃபை முடிவு செய்ய வேண்டும் என்று அந்த மொழியே சொல்வது போல இருக்கிறது.

பழைய சினிமாக் கேமராவின் முகத்தில் ஒரு வட்டத் தட்டும் அதில் மூன்று லென்சுகளும் இருக்கும். தூரத்துக்கு ஒன்று, நடுத்தரத்துக்கு ஒன்று, அகலக் காட்சிக்கு ஒன்று. மாற்ற வேண்டுமென்றால் கேமராவை நிறுத்தித் தட்டைத் திருப்ப வேண்டும். ஓடும்போதே அருகிலும் தூரத்திலும் போக ஒரே லென்ஸ் வேண்டும் என்பது பலரின் கனவு. 1946இல் அமெரிக்காவில் ஃபிராங்க் பேக் என்பவர் 16 மில்லிமீட்டர் கேமராவுக்கு 'ஜூமார்' என்ற லென்சைக் கொண்டுவந்தார். ஆனால் உலகத்தையே மாற்றியது பிரான்சில் சேந்த்-ஏஆன் என்ற சின்ன ஊரில் 1907இல் பிறந்த பியேர் ஆன்ழெனியே. 1956இல் அவர் 17 முதல் 68 மில்லிமீட்டர் வரை போகும் ஜூமைச் செய்தார். சில வருடங்களில் 12 முதல் 120 வரை, அதாவது பத்து மடங்கு ஜூம். அவருடைய சாமர்த்தியம் எங்கே என்றால், ஜூம் செய்யும்போது உள்ளே இருக்கும் கண்ணாடிகள் தனித்தனிப் பாதையில் நகர்ந்து, எடுப்பவர் வைத்த குவியம் கலையாமல் காப்பாற்றும். 1964 ஜூலையில் ரேஞ்சர் 7 விண்கலம் நிலாவில் மோதும் முன் அனுப்பிய படங்களுக்கும் அவருடைய லென்ஸ் உதவியது. அது ஜூம் அல்ல, வெளிச்சத்தை அள்ளி வாங்கும் 25 மில்லிமீட்டர் லென்ஸ். அவரே புகைப்படக் கேமராக்களுக்கும் லென்ஸ் செய்தவர்; கண்ணாடி உள்ள ரிஃப்ளெக்ஸ் கேமராவில் அகலக் கோண லென்ஸ் பொருந்த 1950இல் வழி கண்டுபிடித்தவரும் அவர்தான். புகைப்படக் கேமராவுக்கு முதல் ஜூம் 1959இல் வந்தது: ஃபோய்க்லேண்டர் ஜூமார், 36 முதல் 82 மில்லிமீட்டர்.

சினிமா ஜூமும் புகைப்பட ஜூமும் ஒரே பெயர் கொண்ட இரண்டு சாதி. சினிமாவில் ஜூம் செய்துகொண்டே படம் ஓடும். ஆகவே குவியமும் மாறக்கூடாது, வெளிச்சமும் மாறக்கூடாது. புகைப்படத்தில் ஜூம் செய்து, நிறுத்தி, குவியம் வைத்து, பொத்தானை அழுத்துகிறோம். நடுவில் எது மாறினாலும் யாருக்கும் தெரியாது. அதனால் புகைப்பட ஜூமை இலேசாகவும் மலிவாகவும் செய்தார்கள். அதில் பல, ஜூம் செய்தால் குவியம் கொஞ்சம் நழுவும். மலிவான ஜூமில் வெளிச்சமும் இறங்கும். கேமராவோடு சேர்த்துத் தரும் 18-55 கிட் லென்சில் அகலக் காட்சிக்குத் துளை 3.5, கிட்டே போனால் 5.6. அதாவது மாலை மாற்றும் காட்சியில் ஜூம் செய்துகொண்டே மணமகள் முகத்துக்குப் போனால், போய்ச் சேரும்போது வெளிச்சம் பாதிக்கும் கீழே இறங்கியிருக்கும். முகம் இருண்டு வரும், அல்லது கேமரா தானாக ஈடுகட்ட முயன்று படம் புள்ளிபுள்ளியாகும். போட்டோவுக்குக் குறையில்லாத லென்ஸ் வீடியோவில் தடுமாறுவது இதனால்தான். அது லென்சின் குற்றமன்று. அதை எந்த வேலைக்குச் செய்தார்களோ அந்த வேலை வேறு.

எண்பதுகளில் நம் ஊர்களுக்கு வி.எச்.எஸ். வீடியோக் கேமரா வந்தது. அதில் ஜூம் கேமராவோடு ஒட்டியே இருந்தது; பொத்தானை அழுத்தினால் மோட்டார் நகர்த்தும். அந்தக் காலத்துக் கல்யாணக் கேசட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வாழைமரத்திலிருந்து குத்துவிளக்குக்கு ஒரு ஜூம், குத்துவிளக்கிலிருந்து மாமனாருக்கு ஒரு ஜூம். கேலியாக இருந்தாலும் அந்தக் கேமராவில் ஒரு நேர்மை உண்டு. வீடியோவுக்கென்றே செய்த பொருள். கேசட் தீரும்வரை ஓடும்; நாதஸ்வரத்தையும் சேர்த்துப் பதியும். போட்டோ எடுக்க மட்டும் லாயக்கில்லை.

2008இல்தான் இரண்டு ஆறும் மறுபடி கலந்தன. ஆகஸ்டில் நிக்கான் டி90 வந்தது. ரிஃப்ளெக்ஸ் புகைப்படக் கேமராவில் வீடியோ எடுத்த முதல் கேமரா அது. அடுத்த மாதம் கேனான் 5டி மார்க் 2 அறிவிக்கப்பட்டது. பார்னாக்கின் 24க்கு 36 அளவில் முழு எச்.டி. வீடியோ. பெரிய சட்டம் என்பதால் ஆள் தெளிவாகவும் பின்னணி பனிமூட்டமாகவும், பெரிய சினிமாக் கேமராவில் எடுத்தது போலவே இருந்தது. சினிமாக்காரர்கள் துள்ளிக் குதித்தார்கள். ஆனால் ஆரம்பத்தில் அதில் விநாடிக்கு 30 சட்டம் மட்டுமே. நம் நாட்டு மின்சாரம் 50 சுழற்சி. ட்யூப்லைட் விநாடிக்கு 100 தடவை துடிக்கும். 25 சட்டம், ஐம்பதில் ஒரு பங்கு விநாடி என்று வைத்தால் இரண்டும் ஒத்துப்போகும். 30 என்று வைத்தால் படத்தில் கோடு கோடாக இருள் ஓட வாய்ப்புண்டு. 25 சட்டம் எடுக்கும் வசதி 2010 மார்ச்சில்தான் மென்பொருள் மூலம் அந்தக் கேமராவுக்கு வந்தது. இன்றைக்கும் புதுக் கேமரா வாங்கும் தம்பிகள் பெட்டியைத் திறந்ததும் பார்க்க வேண்டிய முதல் அமைப்பு இதுதான்: 25 அல்லது 50.

இன்னொரு கட்டுப்பாடு எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அது கண்ணாடியிலிருந்து வரவில்லை, கோப்பிலிருந்து வந்தது. அந்தக் காலத்துப் பல புகைப்படக் கேமராக்கள் ஒரே மூச்சில் 29 நிமிடம் 59 விநாடிக்கு மேல் வீடியோ எடுக்காது. ஏன் தெரியுமா? ஐரோப்பியச் சுங்க விதிப்படி, குறிப்பிட்ட தெளிவில் 30 நிமிடமோ அதற்கு மேலோ தொடர்ந்து பதியக்கூடிய கருவி 'வீடியோ கேமரா' என்ற தலைப்பில் சேரும், அதற்கு வரி. அதற்குக் கீழே என்றால் 'புகைப்படக் கேமரா', வரி இல்லை. ஒரு விநாடியைக் குறைத்து உற்பத்தியாளர்கள் வரியை மிச்சம் பிடித்தார்கள்! பட்டியல் எண்ணும் தலைப்பும் பார்த்தே காலம் கழித்த எழுத்தனுக்கு இதைவிட இனிமையான செய்தி உண்டா? பிரஸ்ஸல்ஸில் எவரோ ஒரு குமாஸ்தா எழுதிய வரிக்காகப் பழனியில் முகூர்த்த மந்திரம் பாதியில் நின்றிருக்கிறது. 5டி மார்க் 2இல் இன்னும் மோசம். கோப்பின் அளவு 4 ஜிகாபைட்டைத் தாண்டக்கூடாது என்பதால் ஏறக்குறைய 12 நிமிடத்தில் நின்றுவிடும். லூமியேர் பெட்டியின் 50 விநாடி ஞாபகம் வருகிறதல்லவா? பின்னாளில் அந்த வரியே கழிந்தது. இன்று வரும் பல கேமராக்களில் அரைமணி வரம்பு இல்லை. ஆனால் பழைய பாடியை இரண்டாம் கையாக வாங்குபவர்கள் இதைக் கேட்காமல் பணம் கொடுக்கக்கூடாது.

இந்தக் குறைகளோடும் தென்னிந்திய சினிமா இந்தப் பெட்டிகளைக் கையில் எடுத்தது. 2011இல் ராம்கோபால் வர்மா 'தொங்கல முட்டா' என்ற தெலுங்குப் படத்தை ஐந்தே நாளில் 5டி கேமராக்களில் எடுத்தார். அதே வருடம் மலையாளத்தில் 'சாப்பா குரிசு' கேனான் 7டியில் வந்தது. 2012 மே மாதம் பாலாஜி சக்திவேல் இயக்கத்தில் 'வழக்கு எண் 18/9' வெளியானது. விஜய் மில்டன் ஒளிப்பதிவு. அதுவும் 7டிதான். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது அந்தப் படத்துக்குக் கிடைத்தது. நடைபாதையில் இட்லிக் கடையில் வேலை செய்யும் பையனின் கதை. பெரிய கேமராவும் கிரேனும் வந்தால் தெருவே கூடி நிற்கும். கையடக்கப் பெட்டியை யாரும் சினிமா என்று நினைப்பதில்லை.

7டியின் உணர்பலகை அகலம் ஏறக்குறைய 22 மில்லிமீட்டர். 5டியை விடச் சின்னது. புகைப்படக்காரர்கள் அதைக் குறைச் சட்டம் என்பார்கள். ஆனால் பேசும் படக் காலத்து 35 மில்லிமீட்டர் சினிமாவின் சட்ட அகலமும் ஏறக்குறைய அதே 22தான். பார்னாக் இரட்டிப்பாக்கிய சட்டத்தை மறுபடி பாதியாக்கியபோது அது சினிமாவின் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டது. ஆகவே, 'ஃபுல் ஃபிரேம் இல்லையென்றால் கௌரவம் இல்லை' என்று கடைக்காரர் சொன்னால் தம்பிகள் அஞ்ச வேண்டாம். தேசிய விருது வாங்கிய படம் குறைச் சட்டத்தில் எடுத்ததுதான். இருட்டு மண்டபத்தில் பெரிய சட்டம் கைகொடுக்கும் என்பது உண்மை. அதற்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தை லென்சில் போட்டாலும் அதே வெளிச்சம் கிடைக்கும் என்பதும் உண்மை.

ரிஃப்ளெக்ஸ் கேமராவுக்கு இன்னொரு சிக்கல். வீடியோ எடுக்கும்போது உள்ளே உள்ள கண்ணாடி மேலே தூக்கி நிற்க வேண்டும். அப்போது கண்ணை வைத்துப் பார்க்கும் ஜன்னல் இருட்டு. வேகமாகக் குவியம் பிடிக்கும் பொறியும் குருடு. இதற்குத் தீர்வு கண்ணாடியையே எடுத்துவிடுவது. பானாசோனிக் 2008இல் அதைச் செய்தது. சோனி 2013இல் முழுச்சட்ட ஏ7 கொண்டுவந்தது. கேனானும் நிக்கானும் முழுச்சட்டத்தில் 2018இல் அந்த வழிக்கு வந்தன. இப்போது 'மிரர்லெஸ்' என்று தம்பிகள் கேட்பது இதைத்தான். ஹைப்ரிட் என்ற சொல்லுக்கு முழு அர்த்தம் வந்தது இதற்குப் பிறகுதான். முகத்தையும் கண்ணையும் தானே தேடிப் பிடிக்கும் வேகம் வீடியோவிலும் கிடைத்தது.

இந்த முன்கதையிலிருந்து எனக்குத் தெரிவது ஒரே விஷயம். பாடி குடக்கூலிக்கு வருபவர். லென்ஸ் சொந்த வீடு. 2008இலிருந்து எத்தனை பாடி வந்து போய்விட்டது என்று எண்ணிப் பாருங்கள். ஆனால் கேனான் 1987இல் தொடங்கிய இ.எஃப். வகை லென்சை 2018க்குப் பிறகு வந்த பாடிகளிலும் ஒரு இணைப்பு வளையம் போட்டு மாட்டலாம். நிக்கானின் எஃப் வளையம் 1959இல் வந்தது; அந்தக் குடும்பத்து லென்சுகள் இன்றைக்கும் கைமாறி ஓடுகின்றன. ஆகவே கடன் வாங்கும் பணத்தில் பெரிய பங்கு லென்சுக்குப் போகட்டும். மாடல் எண் சொல்ல எனக்குத் தகுதியில்லை. அது அடுத்த வருடமே பழசாகிவிடும். கொள்முதல் குறிப்பில் எழுதுவது போலச் சில கேள்விகளை மட்டும் எழுதுகிறேன்.

நீ வேலை செய்யும் இடத்திலேயே மிக இருட்டான இடம் எது? கோயில் மண்டபத்தில் விடிகாலை முகூர்த்தம் என்றால் எல்லாத் தூரத்திலும் துளை 2.8 ஆக நிற்கும் 24-70 ஜூம் தேவை. 5.6ஐ விட 2.8 நான்கு மடங்கு வெளிச்சம் வாங்கும். அணைக்கரையில் பகல் வெளிச்சத்தில் ஜோடிகளை எடுப்பதுதான் பெரும்பாலும் வேலை என்றால் துளை 4 கொண்ட ஜூம் போதும். எடையும் விலையும் குறையும். மேடைக்குப் போக முடியாமல் கூட்டத்துக்குப் பின்னால் நின்று எடுக்க வேண்டிய கல்யாணங்கள் அதிகமென்றால் 70-200 பிறகு வரட்டும். அதுவரை முகூர்த்த நாளுக்கு மட்டும் வாடகைக்கு எடுக்கலாம்.

நிற்காமல் எவ்வளவு நேரம் ஓட வேண்டும்? கெட்டிமேளத்துக்கு இரண்டாவது தடவை கிடையாது. சின்ன உடம்புக்குள் பெரிய வேலை செய்யும் கேமரா சூடாகும். பங்குனி வெயிலில் பந்தலுக்குள் இன்னும் சீக்கிரம். அதிகத் தெளிவு வேண்டுமென்று எல்லாவற்றையும் உச்சத்தில் வைத்தால் நடுவில் அணைந்து போகலாம். கடையில் நின்று அரைமணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டே பணம் கொடு. இரண்டு மெமரி கார்டு போடும் இடம் உண்டா என்று பார். ஒன்று கெட்டாலும் மற்றதில் தாலி இருக்கும்.

உன்னைச் சுற்றி யார் இருக்கிறார்கள்? உணர்பலகை படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது. நீ வீடியோ எடுக்கும்போது பக்கத்துப் போட்டோக்காரர் ஃபிளாஷ் அடித்தால் பாதிப் படம் வெள்ளையாக நிற்கும். அதை லென்சால் தீர்க்க முடியாது; பேசித்தான் தீர்க்க வேண்டும். தவில் ஒலிக்கு முன்னால் கேமராவின் சின்ன மைக் தாங்காது. தனி ஒலிப்பதிவுக் கருவிக்குக் கொஞ்சம் பணம் ஒதுக்கு.

கடைசியாக, ஒரே ஆள் இரண்டையும் எடுக்க முடியுமா? பெட்டி ஒன்றானாலும் கண் ஒன்றுதான். தாலி கட்டும் அந்த ஒரு நிமிடத்தில் நீ போட்டோ எடுத்தால் வீடியோ இல்லை. வீடியோ எடுத்தால் போட்டோ இல்லை. விலை உயர்ந்த ஒரு பாடியைவிடச் சுமாரான இரண்டு பாடி நல்லது. ஒன்றை முக்காலியில் ஓடவிட்டுவிட்டு மற்றதைக் கையில் வைத்துக்கொள்ளலாம். முழுச்சட்டப் பாடியும் 2.8 ஜூமும் புதிதாகச் சேர்த்து வாங்கினால் ஒரு மோட்டார் சைக்கிள் விலையைத் தாண்டிவிடும். எத்தனை முகூர்த்தத்தில் அந்தக் கடன் அடையும் என்று சாமிக்கண்ணு வின்சென்டைப் போல முன்பே எண்ணிப் பார்த்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

முடிக்குமுன் வயதானவனாக ஒரு வார்த்தை. இந்தப் பெட்டியில் வீடியோ சுலபமானதால் பலர் போட்டோவை அலட்சியம் செய்கிறார்கள். எண்பதுகளின் வி.எச்.எஸ். கேசட்டுகள் இன்று பல வீடுகளில் பூஞ்சைக் காளான் பிடித்துப் பரணில் கிடக்கின்றன. ஓட்டிப் பார்க்கக் கருவியும் இல்லை. ஆனால் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோக்களையும் வீடுகளையும் தேடிப் போய், 1880களிலிருந்து எடுத்த படங்களைக் கணினியில் ஏற்றியபோது, அந்தப் படங்கள் பார்க்கும் நிலையில் இருந்தன. நூறு வருடத்துக்கு முந்திய பாட்டியின் மூக்குத்திகூடத் தெரிகிறது. காகிதத்தில் அச்சாகி, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிய படத்துக்கு மின்சாரமும் வேண்டாம், கடவுச்சொல்லும் வேண்டாம்.

ஆகவே தம்பிகளுக்கு என் பரிந்துரை: எந்தப் பெட்டி வாங்கினாலும், எந்த ஜூம் மாட்டினாலும், ஒவ்வொரு கல்யாணத்திலும் பத்துப் படமாவது நல்ல காகிதத்தில் அச்சிட்டுக் கொடுங்கள். அடகில் இருக்கும் நகை மீண்டு வருவதற்குள் இரண்டு பாடி பழசாகியிருக்கும். அந்தப் பத்துப் படம் பேரன் காலத்திலும் இருக்கும்.

உங்கள் வீட்டில் பழைய ஸ்டூடியோ படங்கள் இருந்தால் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். ஸ்டூடியோவின் பெயரும் ஊரும் முத்திரையாக இருக்கும். படத்தில் இருப்பவர் யார், எந்த வருடம் என்று பென்சிலால் மெதுவாக எழுதி வையுங்கள். அதைச் சொல்லத் தெரிந்தவர்கள் நம் வயதுக்காரர்கள்தான்.